தோல் கட்டிய ஊர்

ஆம்பூரில் ஒரு பழைய தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் கூடத்தை, அடையாளம் காண வாசலைப் பார்த்துப் பயனில்லை, சுவரின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த கட்டடத்தில் ஓட்டுக் கூரை இறங்கும் இடத்துக்குக் கீழே, நான்கைந்து வரிசைக்குச் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று வைத்துக் கட்டியிருந்தார்கள். வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து வெளியேறுவதற்கான ஏற்பாடு அது. எண்ணெய் தடவிய தோலை உள்ளே கழிகளில் தொங்கவிட்டு நிழலிலேயே உலர்த்துவார்கள். நேர் வெயிலில் போட்டால் தோல் விறைத்துப்போகும், நிறமும் கெட்டுவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோல் ஷாப்புகளில் கழித்த ஒரு பெரியவர். ரெட்டித்தோப்பில் வசிக்கிறார். ஓய்வுக்குப் பிறகு, கேட்டு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். நடந்துதான் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

நான் வேலூரில் தங்கியிருந்தேன். அங்கே 133 ஏக்கர் கோட்டை, சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம், பாலாற்றங்கரைப் பக்கம் கண்டியின் கடைசி மன்னருக்கு எழுப்பிய முத்து மண்டபம் என்று பார்க்க நிறைய உண்டு. அவற்றைப் பற்றி எழுதவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை ஒன்றரை நூற்றாண்டாக வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கல்லூரிகளையும் எழுப்பிய பணம் தோலிலிருந்து வந்த பணம். அந்தப் பணம் பிறந்த கட்டடங்களை யாரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு அது பெரிய அநீதியாகப் படுகிறது.

“தோல் எதுக்கு இங்க வந்துச்சு தெரியுமா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் பெரியவரே மலையைக் காட்டினார். சுற்றியுள்ள வறண்ட நிலத்திலும் மலையடிவாரத்திலும் ஆவாரஞ்செடி தானாக முளைக்கும். அதன் பட்டைதான் தோலைப் பதனிடும். பக்கத்தில் பாலாறு. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் தோண்டினால் நல்ல தண்ணீர் வந்த காலம் அது. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கரைவரை போட்டு முடித்த ரயில் பாதை இந்த ஊர் வழியாகவே போனது. கச்சாத் தோலை வாங்கிவந்து, பதனிட்டுச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்ப முஸ்லிம் வணிகக் குடும்பங்களிடம் முதல் இருந்தது. குழியில் இறங்க, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த தலித் மக்களின் உழைப்பு கிடைத்தது. இந்தக் கடைசிக் காரணத்தை அவர் குரலை உயர்த்தாமல், மற்றவற்றைச் சொன்ன அதே தொனியில் சொன்னார்.

முதலில் வணிகர் தெருக்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆடம்பரம் தெரியாத வீடுகள்தான். தெருப்பக்கம் உயரமான சுவர், கனமான தேக்குக் கதவு, அதன் பின்னால் திரைச்சீலை. பெண்கள் வந்துபோகப் பக்கவாட்டில் தனி வாசல். ஒரு வீட்டில் உள்ளே வரச் சொன்னார்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கூடம், மேலே தேக்கு உத்தரங்களின் மீது செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ். மே மாத மதியத்திலும் தரை ஜில்லென்றிருந்தது. அந்த வீட்டம்மா உருதுவில் மருமகளிடம் டீ போடச் சொல்லிவிட்டு, எங்களிடம் தமிழில் பேசினார். இந்த முற்றத்தில் ஒரு காலத்தில் மாலை நேரங்களில் தோல் விலை பேசி முடிப்பார்களாம். இதே வகைக் குடும்பங்களின் கொடையில்தான் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் எழுந்தது.

பிறகு அந்தத் தோல் ஷாப். மூடிக் கிடக்கிறது. காவலாளி பெரியவருக்குத் தெரிந்தவர். பூட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே வரிசையாகக் குழிகள். முதல் வரிசையில் ஊறவைத்து உப்பை நீக்குவது, அடுத்ததில் சுண்ணாம்பு. முடி இளகியதும் சாய்வான மரத்தின் மேல் தோலை விரித்து, இரண்டு முனையிலும் பிடி வைத்த வளைந்த கத்தியால் முடியையும் உள்பக்கச் சதையையும் வழிப்பார்கள். பிறகு சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம் பட்டைக் குழி. பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை. தோலைக் குழிக்குக் குழி மாற்றிக்கொண்டே வாரக்கணக்கில் ஊறவிட்டு, நிறத்துக்குக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, எண்ணெய் தடவினால் உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர்பெற்ற சரக்கு தயார்.

பெரியவர் ஒரு பட்டைக் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து விளிம்பைத் தடவிக் காட்டினார். மற்ற மூன்று பக்கமும் நேராக இருக்கிற விளிம்பு, ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு உள்வாங்கி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. “ரெண்டு பேரு இங்க நின்னு தோலை மேல இழுப்போம். ஈரத்தோலு கனம். இழுக்கிற எடம் மாறாது.” கல்லில் செய்த அந்த விளிம்பு, தோல் உரசி உரசியே தேய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பட்டைத் தண்ணீர் நின்ற மட்டம் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. கோட்டைக்குள் நான் பார்த்த தூண் சிற்பங்களுக்குச் சற்றும் குறையாத வேலைப்பாடு இந்தத் தேய்மானம் என்றே சொல்வேன். சிற்பியின் பெயரைப் போலவே இதைச் செய்தவர்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

இந்தக் குழிகள் ஓய்ந்ததற்குக் காரணம் குரோமியம். பட்டைக்கு வாரங்கள் ஆவதை, சுழலும் மர டிரம்மில் குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். நீலமாக, ஈரமாக வெளியே வரும் அதை ‘வெட் புளூ’ என்பார்கள். 1970களில் மத்திய அரசு அரைப் பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலும் காலணியுமாக அனுப்பத் தூண்டியது. ஊர் வேகமாக மாறியது. விலையைப் பாலாறு கொடுத்தது. கிணறுகள் உப்பாகின, தென்னை காய்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இந்தியாவின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வாதத்தில் வேலூரின் பெயர் வருவதுண்டு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மீண்டும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பொது நிலையங்கள் வந்துவிட்டன. மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

அங்கிருந்து ரயில் பாதையைக் கடந்து ரெட்டித்தோப்பு, பெத்லகேம் பகுதிகளுக்குப் போனோம். பாதைக்கு அடியில் குனிந்து போகும் தரைப்பாலம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கி இந்தப் பக்கத்து மக்கள் ஊரிலிருந்து துண்டிக்கப்படுகிற இடம். வணிகர் தெருவின் குளிர்ந்த முற்றத்தையும் இந்தப் பாலத்தையும் ஒரே நாளில் பார்க்காமல் ஆம்பூரின் கட்டடக்கலை புரியாது. இங்கே வீடுகள் சிறியவை, நெருக்கமானவை. ஆனால் புதிய மாடிகள் எழும்பியிருக்கின்றன. “இது எல்லாம் பொம்பளைங்க சம்பாத்தியம்” என்றார். ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்களை நெடுஞ்சாலையில் பார்க்கலாம். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் பல ஷூக்களின் மேல்தோலை அவர்கள்தான் தைக்கிறார்கள்.

மதியம் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும். அதன் புகழுக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்ததும், அந்தத் தோல் ஷாப் மனைகளாகப் பிரித்து விற்கப்படப் போவதாகப் பெரியவர் சொன்னார். குழிகளை மண் போட்டு மூடிவிடுவார்கள். ஒரே ஒரு குழியையாவது, அந்தத் தேய்ந்த விளிம்புள்ள குழியை, விட்டுவைக்கும்படி உரிமையாளரின் மகனிடம் கேட்டிருக்கிறார். மகன் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மறுபடியும் இருவரும் போய், குழியின் நீள அகல ஆழத்தை அளந்தோம், விளிம்பைப் படமெடுத்தோம், எந்தக் குழியில் எத்தனை தோல், எத்தனை நாள், யார் எங்கே நிற்பார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதன் ஒரு பிரதியை உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னொன்றைத் தொல்லியல் துறைக்கு அனுப்பப் போகிறேன்.