விதை வெங்காயமும் வெங்காயம்தானே?

பூலாம்பாடிக்கு லீவுல போயும் திண்ணையில லேப்டாப்போட ஆணி புடுங்கல்.

ட்ரூல்ஸ்னு ஒரு ஜாவா ரூல் எஞ்சின். 'இப்படி இருந்தா இதைச் செய்'னு விதி எழுதி ஆப்ஜெக்ட்டை உள்ளே போட்டா, பொருந்துற விதியெல்லாம் ஓடும். கடன் கிளாஸுக்குத் தாமதக் கட்டணம், அதோட சப்கிளாஸ் பயிர்க்கடனுக்குக் கட்டணம் இல்லைன்னு ரெண்டு விதி எழுதியிருந்தேன். டெஸ்ட்ல பயிர்க்கடனுக்கும் கட்டணம் விழுது! சேலியன்ஸை ஏத்திப் பார்த்தேன். அது எது முதல்ல ஓடணும்னு சொல்லுமே தவிர மத்ததை நிறுத்தாது. (அப்பா பேர்லயும் ஒரு பயிர்க்கடன் இருக்கு. வேற வங்கி, ஆனாலும் வயித்தைக் கலக்குச்சு.)

அந்நேரம் பார்த்து வாசல்ல சத்தம். "வெங்காயத்தையெல்லாம் மூட்டை புடிங்கப்பா"ன்னு அப்பா சொல்லிட்டுப் போக, பட்டறையில விதைக்கு வச்சிருந்ததையும் சேர்த்துக் கட்டி வண்டியில ஏத்திட்டாங்க. "அதுவும் வெங்காயம்தானுங்களே?"

எனக்குப் பொறி தட்டிருச்சு. பேரண்ட் டைப்புக்கு விதி எழுதினா சப்கிளாஸும் மாட்டும். 'சரியா கடன் கிளாஸ் மட்டும்'னு போட்டா நகைக்கடன் விட்டுப்போகும். அதனால முதல் விதியில 'பயிர்க்கடனா இருந்தா வேண்டாம்'னு ஒரு இன்ஸ்டன்ஸ்ஆஃப் சேர்த்தேன். டெஸ்ட் பச்சை :-)

வண்டியில இருந்து மூட்டையை இறக்கி விதையைப் பிரிச்செடுக்கத்தான் ராத்திரி பத்தாச்சு. நானும் உக்காந்தேன்.