ஃபைல் நகருதும்மா

சொக்சோவில் விண்ணப்பம் போடக் கட்டணம் கிடையாது. அரசாங்கத் தாள்களில் பெர்கேசோ என்றும் நம் வாயில் சொக்சோ என்றும் இருக்கும் அந்தச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கவுண்டரில் ஐசி, மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் ரிப்போர்ட், பேங்கு புத்தகம் என்று கேட்பதையெல்லாம் நீட்டினால் ஒரு காசு வாங்காமல் பதிந்துகொள்வார்கள். இந்த ஒரு தகவலுக்கு என் சின்னம்மா 4,800 வெள்ளி கொடுத்தார்.

சித்தப்பா சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். இரவு வேலை முடிந்து குனோங் ராபாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லோரி மோதி இறந்தார். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து வேலையிட விபத்தாகவே கணக்கில் சேரும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. இறந்தவரின் சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் கணக்கிட்டு, அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு மாதாமாதம் வரும். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வந்து நின்ற அந்த இளைஞனுக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலிலும் டிராஃபிக் போலீஸ் நிலையத்திலும் இப்படிப்பட்டவர்கள் நிற்பது மலேசியாவில் புதிதல்ல. 'ரன்னர்' என்போம். விபத்து வழக்குகளை வக்கீல்களிடம் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்குகிறவர்கள். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் இந்த ஆள்பிடிப்பைத் தடை செய்கிறது. ஆனால் சின்னம்மாவிடம் வந்தவன் வெறும் ரன்னர் இல்லை. 'ஆலோசனை நிறுவனம்' ஒன்றின் அட்டையோடு வந்தான். அட்டையின் பின்பக்கம் அவர்கள் 'எடுத்துத் தரும்' பணங்களின் பட்டியல்: சொக்சோ, இபிஎஃப், இன்சூரன்ஸ், உரிமை கோரப்படாத பணம். முதல் இரண்டையும் கவுண்டரில் இலவசமாகக் கோரலாம். கடைசியானது அரசாங்கத்தின் தலைமைக் கணக்காயர் துறையிடம் இருக்கிறது. ஐசி எண்ணைத் தட்டி ஆன்லைனில் நாமே பார்த்துக்கொள்ளலாம். எந்த ஏஜெண்டையும் நியமிக்கவில்லை என்று அந்தத் துறையே பலமுறை சொல்லியிருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் சேர்த்து ஒரு கடை போட்டிருந்தார்கள்.

'ஃபைல் திறக்க' 1,800 வெள்ளி. சின்னம்மா சங்கிலியை அடகு வைத்தார். பிறகு எட்டு மாதம் குரல் பதிவுகள்: "அம்மா, ஃபைல் நகருதும்மா. மேல இருக்கு. அடுத்த வாரம் கையெழுத்து ஆயிரும்." பின்னால் நான் விசாரித்தபோது தெரிந்தது, அந்த எட்டு மாதமும் விண்ணப்பமே போகவில்லை. போன பிறகு நான்கு மாதத்தில் நிலுவைப் பணம் பேங்கில் விழுந்தது, பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அவனே காரில் கூட்டிப்போனான். முப்பது விழுக்காடு என்று பேச்சு. முழுதாக 3,000 இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டான். திரும்பும் வழியில் சின்னம்மாவுக்குத் தே தாரே வாங்கிக் கொடுத்தான்.

அந்தத் தே தாரேதான் எனக்கு எதிராக நின்ற சாட்சி. பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நான் சொன்னபோது சின்னம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்தப் பையன் மட்டுந்தான்டா வந்து உக்காந்து பேசுனான். நீங்கல்லாம் காரியம் முடிஞ்சதும் கேஎல்லுக்கு பஸ் ஏறிட்டீங்க." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சின்னம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை. மலாய் பேசுவார், படிவம் படிக்க வராது. தோட்டத்தில் அது ஒரு குறையாக இருக்கவில்லை, ஏனென்றால் நடுவில் எப்போதும் ஒருவர் இருந்தார். கிராணி எழுதுவார். தொழிற்சங்கத் தலைவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கும் முந்தைய தலைமுறையில் கங்காணி. ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தவர், கடன் கொடுத்தவர், துரையிடம் பேசியவர், எல்லாம் அவரே. தன் ஆள் ஒருவர் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த ஆள்பிடிப்பு முடிந்ததாகப் புத்தகங்கள் சொல்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகி, தாமான்களாகி, நம் ஆட்கள் புந்தோங்குக்கும் குனோங் ராபாட்டுக்கும் வந்து சேர்ந்தபோது கிராணியும் கூட வரவில்லை, சங்கமும் கூட வரவில்லை. படிவங்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின. காலியாக இருந்த அந்த நாற்காலியில்தான் இவன் வந்து உட்கார்ந்தான். தமிழ் பேசினான், அம்மா என்றான். தலைக்காசு முப்பது விழுக்காடு.

(கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். இருந்திருக்கலாம். நான் பேசுவது நாற்காலியைப் பற்றி.)

சின்னம்மாவை மாற்றியது நான் இல்லை, அடகுக்கடை. சங்கிலி முழுகப்போகிறது என்று நோட்டீஸ் வந்தது. அது சித்தப்பா போட்ட சங்கிலி. "சரி, என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் ஒன்று இருக்கிறது. முதல் பாரம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வக்கீல் கூடாது. நான் ஆதாரம் தேடினேன். 1,800க்கு ரசீது இல்லை. ஆனால் அன்றைய தேதியில் அடகுச் சீட்டு இருந்தது, தினசரிக் காலண்டர் தாளில் சின்னம்மா தமிழில் எழுதி வைத்த "பைல் 1800" இருந்தது. 3,000க்குப் பேங்கு புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. குரல் பதிவுகள் முப்பதுக்கு மேல். நிறுவனம் பதிவு பெற்றதுதானா என்று கம்பெனிப் பதிவகத்தில் சில வெள்ளி கட்டித் தேடினேன், விலாசம் கிடைத்தது. அதற்குப் பதிவுத் தபாலில் பாரத்தை அனுப்பினோம்.

என்னால் உதவ முடிந்தது அவ்வளவுதான். நடுவர் மன்றத்தில் அவரவர் வழக்கை அவரவரே சொல்ல வேண்டும். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது என்பதால் பின்வரிசையில் உட்கார விட்டார்கள்.

அந்த இளைஞனைத்தான் நிறுவனம் அனுப்பியிருந்தது. கதவருகே அவனைப் பார்த்ததும் சின்னம்மா, "சாப்ட்டியாப்பா?" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சாப்ட்டேம்மா" என்றான்.

தீர்ப்புக்கு முன் சமரசம் முடியுமா என்று தலைவர் கேட்டார். 2,000 தருவதாக அவன் சொன்னான். சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லக்கூடாது. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் மொழிபெயர்க்கக் காத்திருந்தார். சின்னம்மா கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவரு என்னைக் கூட்டிட்டுப் போனதுக்கு பெட்ரோல் காசு நான் தர்றேன். ஆனா எட்டு மாசம் ஃபைல் நகருதுன்னு சொன்னாரே, அது நகரலயே. நகராததுக்கு எதுக்கு காசு?"

இதை ஊழியர் மலாயில் சொன்னபோது தலைவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அவன் ஒப்பந்தத் தாளைக் காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்டினீர்களா என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. 4,800 வெள்ளியும் திருப்பித் தர வேண்டும், 14 நாளுக்குள். மீறினால் அது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. நிறுவனம் பதின்மூன்றாம் நாள் பாதியைப் போட்டது. மீதிக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. இரண்டு முறை நடுவர் மன்ற அலுவலகத்துக்கு நடந்தோம். பெட்ரோல் காசை அவன் கேட்கவில்லை. சங்கிலியை வட்டி கட்டி மீட்டோம். அந்த வட்டி யாரிடமிருந்தும் திரும்ப வராது.

விஷயம் குனோங் ராபாட்டில் பரவியது. அடுத்த முறை நான் போனபோது, நிலைகல்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு சின்னம்மா வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். மகன் விபத்தில் கால் போய்க் கிடக்கிறான். காகிதங்களை என் மடியில் கொட்டினார். அரை மணி நேரம் பிரித்து அடுக்கினேன். எந்தக் கவுண்டர், எந்தத் தாள், என்ன கேட்பார்கள் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். பாட்டி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப நீ எவ்வளவு எடுத்துக்குவ தம்பி?"