குரங்கணியில் ஒரு தீக்குச்சி

“குரங்கணியா? அந்த ஊர் பேரையே எடுக்காதே!”

வீட்டில் விழுந்த முதல் தடா இதுதான். அம்மாவைச் சொல்லிக் குத்தமில்லை. 2018 மார்ச் மாசம் டி.வி.யில் பார்த்த அந்த மலை, அவங்க மனசுல இன்னும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. கெஞ்சிக் கூத்தாடி, “வனத்துறை அனுமதி இருக்கும்மா, கூடவே கைடு வர்றார்மா”ன்னு சத்தியம் பண்ணி, ஒரு ஜனவரி மாசம் நாங்க நாலு பேர் கிளம்பிட்டோம்.

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்குது பாஸ்! அங்கிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம் போனால் குரங்கணி. சின்ன ஊர். நாலைஞ்சு கடைகள். நிமிர்ந்து பார்த்தால் மலை, மலை, மலைதான். ஒரு பக்கம் உச்சியில் டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் கொழுக்குமலை தேயிலை எஸ்டேட். நாங்க போனது அவ்வளவு தூரமெல்லாம் இல்லை, சாம்பலாறு வரைக்கும்தான்.

கிளம்பும்போதே கைடு அண்ணன் பைகளைத் துழாவினார். “பீடி, சிகரெட், லைட்டர் எதுவும் மேல வரக்கூடாது தம்பிகளா.” நம்ம கோஷ்டியில் ஒருத்தன் மேலே போய் நூடுல்ஸ் கிண்டலாம்னு தீப்பெட்டி ஒளிச்சு வெச்சிருந்தான். மாட்டினான்!

அண்ணன் திட்டலை. எங்களை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கே விறகடுப்பு புகைஞ்சுக்கிட்டு இருந்தது. “காலேஜ் படிக்கிறீங்கள்ல... எரியறது கட்டையா, புகையா?”

“கட்டைதாண்ணே!” கோரஸாகச் சொன்னோம். அவர் ஒரு குச்சியைக் கிழிச்சு, கட்டையைத் தொடாமல் அந்தப் புகையில் மட்டும் காட்டினார். குப்புனு பத்திக்கிச்சு!

கெமிஸ்ட்ரி கிளாஸில் தூங்கினவங்களுக்காக: கட்டை சூடானால் முதலில் அதிலிருக்கிற தண்ணி ஆவியாகுது. சுமார் 300 டிகிரியை நெருங்கும்போது மரம் சிதைஞ்சு, எரியக்கூடிய வாயுக்களைக் கக்குது. அந்த வாயு காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து எரியறதுதான் நாம பார்க்கிற ஜுவாலை. அந்தச் சூடு பக்கத்துக் கட்டையைக் காய வைக்கும், அதுவும் வாயுவைக் கக்கும்... இப்படியே தொடரும். ஈர விறகு சண்டித்தனம் பண்றது இதனால்தான். வர்ற சூடெல்லாம் தண்ணியை விரட்டவே சரியாப் போயிடுது. சுள்ளி சட்டுனு பத்தறதுக்குக் காரணம், மெல்லிசா இருக்கிறதால சீக்கிரம் சூடேறும், சுத்திலும் காற்றும் கிடைக்கும். சுள்ளியைவிட மெல்லிசு எது? காய்ஞ்ச புல்!

அடுத்து அண்ணன் இன்னொரு குச்சியைக் கிழிச்சு, தீ மேலே இருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடிச்சார். நிதானமாக எரிஞ்சது. அதையே தலைகீழாகச் சாய்ச்சார். ‘சர்ர்’ருனு விரலுக்கு ஏறிடுச்சு. உதறிக்கிட்டே, “இதாம்ப்பா மலை”ன்னார்.

அந்த நிமிஷம் புரியலை. ஒரு மணி நேரம் ஏறின பிறகு புரிஞ்சது. சரிவு முழுக்க ஆளுயரப் புல், நுனியெல்லாம் மஞ்சளாகக் காய ஆரம்பிச்சிருந்தது. கீழே தீப்பிடிச்சால், ஜுவாலை மேலே இருக்கிற புல்லை நோக்கிச் சாயும். சூடான காற்றும் அந்தப் பக்கமே ஏறும். தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே மேலே இருக்கிற புல் வறுபட்டுத் தயாராக இருக்கும். தீயணைப்புக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வெச்சிருக்காங்க. சரிவு 10 டிகிரி கூடினால், மேலே ஏறும் தீயின் வேகம் இரண்டு மடங்கு. 20 டிகிரின்னா நாலு மடங்கு. 30 டிகிரின்னா எட்டு! நமக்கோ சரிவு கூடக் கூட மூச்சு வாங்கும். இந்த ரேஸில் யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லணுமா?

போதாததுக்கு, பகலில் வெயில்பட்ட சரிவில் காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். ரெண்டு மேட்டுக்கு நடுவிலே இருக்கிற ஓடையோ கேட்கவே வேண்டாம். அது புகைபோக்கி மாதிரி தீயை உறிஞ்சி இழுக்கும். பள்ளம்தான் பாதுகாப்புன்னு நினைச்சு அதில் இறங்கிட்டா போச்சு.

2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த டிரெக்கிங் கோஷ்டிகள். பெண்கள்தான் அதிகம். கோடைக்குக் காய்ஞ்ச புல், சரிவு, தீ. விமானப்படை ஹெலிகாப்டர் வரைக்கும் வந்தது. ஆனாலும் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பலர் நம்ம வயசுதான், ஐ.டி. வேலையில் வார லீவுக்கு மலையேற வந்தவங்க. அவங்க என்ன தப்பு பண்ணினாங்கன்னு டீக்கடையில் உட்கார்ந்து பேசறது ரொம்ப சுலபம். அந்தச் சரிவில் நின்னு பார்த்தால் பேச்சு வராது.

“இப்படி ஒண்ணு வந்தா என்னண்ணே பண்றது?” நான்தான் கேட்டேன்.

“மேல ஓடாதீங்க. தீ அகலம் கம்மியா இருந்தா பக்கவாட்டுல விலகி ஓடுங்க. இல்லைன்னா வெறும் பாறை, எரிஞ்சு முடிஞ்சு கருகின தரை... அங்க போய் நில்லுங்க. எரிய எதுவும் இல்லாத இடத்துக்குத் தீ வராதுல்ல.” கொஞ்சம் யோசிச்சு, “புகை கண்ணை மறைக்காம இருந்தா இதெல்லாம் பண்ணலாம்”னார்.

காட்டில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடறதும் இதே கணக்குதான். சூட்டையும் காற்றையும் நம்மால் தடுக்க முடியாது. எரியற பொருளை மட்டும்தான் நடுவில் அறுத்துவிட முடியும். அதுகூட பெருங்காற்று அடிச்சு பொறி தாண்டிப் பறந்தால் அம்பேல்!

சாயங்காலம் கீழே வந்ததும் அண்ணன் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். நம்மாள் வாங்கலை. “கடை அடுப்புக்கே வெச்சுக்கச் சொல்லுங்கண்ணே.”

போடியை நெருங்கும்போது டவர் கிடைச்சது. அம்மாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால்!