வெட்டுப்பட்ட முகம்

ஜூலை 3
நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் தூக்கமில்லை. தொண்டையெல்லாம் புழுதி. மறுபடி புதுக்கோட்டைப் புதையல்தான். 1898, கருக்காக்குறிச்சி. 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே வெட்டு. யார் வெட்டியது? எதற்கு?

ஜூலை 4
இடது தோளில் குத்தல். மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். "காசைப் பத்தி அப்புறம் பேசலாம், கையைத் தூக்குங்க." எரிச்சலாக வந்தது. காபி குடித்ததும் போய்விட்டது.
நாணயமாகச் செல்லக்கூடாது, எடைக்கு எடை பொன்னாகவே போகட்டும் என்று வெட்டியிருப்பார்கள். அதுதான் சரி.

ஜூலை 6
புத்தகக் கண்காட்சி. கூட்டம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர்க் காசுகள் பற்றி 2000-ல் எழுதிய புத்தகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கரூரில் ரோமக் காசு மட்டுமில்லை. ரோட்ஸ், கிரீட், தெஸ்ஸலிக் காசுகளும் கிடைத்தன. ஒரு தீவின் காசு அமராவதிக் கரை வரைக்கும்! அதைக் கையில் வைத்துப் பார்க்கணும்.

ஜூலை 8
டே ஷிப்ட். சுரங்கத்தில் சக்கர மெஷின் மேல்மண்ணை வாரிக்கொண்டே இருந்தது. கண் பெல்ட்டை விட்டு நகரவில்லை. பிராமி எழுத்துப் பானை கிடைத்த மருங்கூர் பக்கத்தில்தானே. ஒரு காசு பெல்ட்டில் ஓடிப்போயிருந்தால்? வயிற்றைப் பிசைகிறது.

ஜூலை 9
ரோமானிய எழுத்தாளர் பிளினியின் புலம்பல். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதாம். கி.பி. 64-ல் நீரோ வெள்ளிக்காசின் எடையைக் குறைத்தான். இங்கே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசு. நல்ல வெள்ளி எதுவென்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெருமையாக இருந்தது. மாலையில் மறுபடி தோள்.

ஜூலை 12
பழைய துறைமுகமான அரிக்கமேடு. தென்னை, செங்கல் சுவர், ஆறு. வெயில் மண்டையைப் பிளந்தது. 1945-ல் தொல்லியலாளர் வீலர் காலம் கணித்தது காசை வைத்து இல்லை, இத்தாலியச் சிவப்பு மட்கலச் சில்லுகளை வைத்து. கப்பல் சரக்கு கரையில் கிடக்க, காசு கொங்குக்குள் போய்விட்டது. மிளகு வந்த வழி, பச்சைக்கல் எடுத்த படியூர். எல்லாம் உள்நாடு. அவளும் கூட வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனோ.

ஜூலை 14
வெட்டு. எடைக்குத்தான் என்று எழுதினேனே, இன்று நம்பிக்கையில்லை. பொன் வேண்டும், அயல் ராஜா முகம் வேண்டாம் என்றும் இருக்கலாம். இரண்டும் இருக்கலாம். வெட்டின கை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

ஜூலை 15
லீவ் எழுதிக் கொடுத்துவிட்டேன். கரூர் மியூசியம். அவள் வரமாட்டாளாம். தனியாகவாவது போகணும். தோள் பரவாயில்லை.