தேசிங்கு ராஜன் நாடகமும் சரித்திரமும்

நம் நாட்டு இசை நாடகங்களிற் பல மங்களமாகவே முடிவன. அரிச்சந்திரன் சுடுகாட்டுத் துயரம் நீங்கி மீண்டும் முடி புனைகின்றான். வள்ளி முருகனை மணக்கின்றாள். தேசிங்கு ராஜன் நாடகமோ அத்தகையதன்று. அரசன் மடிகின்றான், அவன் உயிர்த்தோழன் மடிகின்றான், இறுதியில் இளமனைவி தீயிற் புகுகின்றாள். இத்துணை இருள் செறிந்த கதையை விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பிக் கேட்டு வந்தமைக்குக் காரணம் யாது? சிறு பிராயத்தில் இக்கதையை விடியுமளவும் கண் விழித்துக் கேட்டவர்களுள் யானும் ஒருவனாதலின், இதுபற்றி எண்ணியவற்றைச் சுருக்கமாக எழுதத் துணிந்தேன்.

கதை நிகழ்ந்த இடம் நமக்கு அயலன்று. திண்டிவனத்தினின்று மேற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-ஆம் வருடம் முகலாயர் அதனை மராத்தியரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் அதற்குத் தலைவரானவர் சொரூப்சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர். அவர் இறந்த பின் அவர் குமாரர் தேஜசிங் வடநாட்டினின்று வந்து கோட்டையை ஏற்றார். அவரே நம் மக்கள் நாவில் தேசிங்கு ஆயினார்.

கதைப்பாடலில், டில்லியில் ஒருவராலும் அடக்கவியலாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குகின்றான்; பாதுஷா மகிழ்கின்றார். சரித்திரம் கூறுவது வேறு. தந்தை செலுத்தாது விட்ட வரிப் பாக்கியை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்டார்; மைந்தர் மறுத்தார். கணக்கேட்டிற் பிறந்த வழக்கு களத்தில் முடிந்தது. 1714-ஆம் வருடம் அக்டோபர் மாதம் 3-ஆம் தேதி, சிறு படையொன்றுடன் நவாபின் பெருஞ்சேனையை எதிர்த்துத் தேஜசிங் வீழ்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 22. வென்றவர் குலத்திடமும் கோட்டை நெடுங்காலம் தங்கவில்லை. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் அதனைக் கொண்டனர்.

வறண்ட இவ்வரலாற்றை நாடகமாக்கிய பெயரறியாப் புலவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தனர். அவற்றுள் ஒன்று போற்றத்தக்கது, மற்றொன்று சிந்திக்கத்தக்கது.

போற்றத்தக்கது தோழமை. தேசிங்கின் பகைவர் முஸ்லிம். ஆயின் அவன் உயிர்த்தோழன் மாபத்துகானும் முஸ்லிமே. தன் திருமணத்தையும் விட்டு வந்து, தோழனுக்காகப் போர் புரிந்து அவன் மடிகின்றான். அரசனோ சிங்கவரத்து அரங்கநாதனை வணங்குபவன். இன்று போருக்குச் செல்லற்க என்பது போல் இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றும், அரசன் அதனையும் கேளாது சென்றான் என்றும் கூறுவர். தாவீதும் யோனத்தானும் கொண்ட நட்பினை வேதத்திற் படிக்கும் நமக்கு இந்நட்பின் அருமை எளிதில் விளங்கும். மதப் பகையாகத் திரித்துக் கூறுதற்கு இடந்தரும் கதையை, அங்ஙனம் திரிக்கவொட்டாது காப்பவன் மாபத்துகானே. எழுத்தறியா உழவர் முன் பாடிய கலைஞர்க்கு இவ்விவேகம் இருந்தது வியப்பிற்குரியது.

சிந்திக்கத்தக்கது ராணியின் முடிவு. களஞ்செல்லுமுன் அரசன் விடைபெற வருகின்றான், இடையே திரை. திரைக்கப்பாலிருந்து தாம்பூலம் நீட்டிய கையையே அவன் காண்கின்றான். கேட்போர் கண்கள் நீர் மல்கும் இடம் இது. ஆயின் பின்னர் அவள் தீப்புகுங்கால், அழுத கண்கள் கைகூப்பி நிற்கின்றன. மொழியும் உறவும் அயலாகிய தொலைநாட்டில், கணவனை இழந்த இளம்பெண் அவள். அவள் அஞ்சினாளா, அழுதாளா, எவரேனும் அவளைத் தடுத்தனரா என்று எப்பாட்டும் வினவவில்லை. கோட்டைக்குட்பட்ட செட்டிகுளத்தின் கரையில் அவள் தீப்புகுந்த இடமென ஒரு மேடையைக் காட்டுகின்றனர். அங்கு நின்றபொழுது எனக்குத் தோன்றியது பக்தியன்று, துயரமே. உடன்கட்டை ஏறுதல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் விலக்கப்பட்டது 1830-இல். அவளுக்கு அது நூற்றுப்பதினாறு வருடங்கள் பிந்திய சட்டம்.

இந்நாடகத்தை மறக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. செஞ்சிக் கோட்டை 2025-ஆம் வருடம் மராத்தியரின் பிற கோட்டைகளுடன் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லைக் காப்பதற்கு அறிஞர் பலர் உளர். பாட்டைக் காக்க வேண்டியவர் இம்மண்ணின் மக்களாகிய நாமே. பாடுவோர் மாபத்துகானின் அன்பை இன்னும் உரத்துப் பாடுக. ராணி தீயை நெருங்கும்பொழுது மட்டும் மத்தளம் சற்றே ஓய்வதாக. முந்நூறு வருடங்களாக எவரும் கேளாத அவள் குரலைக் கேட்க முயல்வதற்கு அவ்வமைதி நமக்கு வேண்டும்.