சொல்லப்படாத சான்று

1986ஆம் ஆண்டு மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த நாள்தொட்டு, அத்தொற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெரியவர்களின் நடத்தையைச் சுற்றியே நிகழ்ந்துவந்துள்ளது. தாயிடமிருந்து தொற்றைப் பெற்றுப் பிறந்த குழந்தை அப்பேச்சின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டது. கருவிலோ பிரசவத்தின்போதோ தாய்ப்பாலின் வழியாகவோ நிகழும் இதனைத் தாய்-சேய்த் தொற்று என்பர். தடுப்பு முறை எதுவும் இல்லாதபோது நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை இவ்வாறு தொற்றைப் பெறக்கூடும். தாய்க்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் அந்த எண்ணிக்கை ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

தொற்றுடன் பிறந்து சிகிச்சை பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயது நிறைவதற்குள் இறந்துவிடுவர் என்பதால், 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டதும், 2006இல் குழந்தைகளுக்கெனத் தேசிய அளவில் தனித் திட்டம் வந்ததும் பெரும் திருப்பங்களாயின. கூட்டு மருந்து என்பது வைரஸ் பெருகுவதைப் பல நிலைகளில் தடுக்கும் மருந்துகளின் சேர்க்கை. அது வைரஸை அடக்கிவைக்குமே தவிர அடியோடு அழிக்காது என்பதால், ஒருநாளும் தவறாமல் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியதாகிறது.

இந்த 'ஒருநாளும் தவறாமல்' என்பதில்தான் செவிலியரின் பணி அடங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த லோபினாவிர்-ரிட்டோனாவிர் திரவ மருந்து கடுங்கசப்பானது. கரண்டியைக் கண்டதும் குழந்தை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஊட்டியதைத் துப்பிவிடும், துப்பியது எவ்வளவு என்று தெரியாமல் பாட்டி கலங்கி நிற்பார். வளர்ந்த பிறகு வேறொரு கசப்பு தொடங்குகிறது. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, பின் எதற்காக நாள்தோறும் மாத்திரை என்று குழந்தை கேட்கும்போது, 'சத்து மாத்திரை' என்று சொல்லி வீட்டார் நாளைக் கடத்துகின்றனர். பள்ளிப் பருவக் குழந்தைகளுக்கு உண்மையை வயதுக்கேற்பப் படிப்படியாகச் சொல்லுதலே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வழிகாட்டியது. ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்ட குழந்தையின் மனத்தில் அடுத்து எழுவது, தான் வளர்ந்து பெரிய ஆளாக முடியுமா என்னும் ஐயமே. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைக்கு அந்த ஐயம் இயல்பானது.

அந்த ஐயத்துக்கு எந்தத் துண்டறிக்கையாலும் விடைகூற இயலாது. அதே தொற்றுடன் வாழ்ந்து, படித்து, வேலைக்கு வந்து, அதே மாத்திரையை இரவுதோறும் உட்கொண்டு, காலையில் சீருடையுடன் எதிரே வந்து எடை பார்க்கும் செவிலியர் ஒருவர் இருப்பாரானால், அவருடைய வாழ்வே அதற்கு விடையாகிறது. அவரால் குழந்தைக்குத் தொற்று பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. எடை பார்ப்பதாலும் மருந்து ஊட்டுவதாலும் அணைத்துக்கொள்வதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை. மருந்தின் கசப்பும் மறைத்துவாழும் களைப்பும் ஏட்டறிவாக அன்றி உடலறிவாகத் தெரிந்தவர் என்பதால், ஒரு வேளை மருந்து தவறிய குழந்தையைக் கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்க அவரால் முடிகிறது.

இருப்பினும், அந்த விடையை அவர் வாய்திறந்து சொல்வது எளிதன்று. தகுதியுள்ள ஒருவருக்குத் தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுத்தலையும் பணிநீக்கம் செய்தலையும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017 தடைசெய்கிறது. தம் நிலையை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்றும் அது பொதுவிதியாகக் கூறுகிறது. ஆகவே மௌனம் அவருடைய உரிமை. தியாகத்தின் பெயரால் அதை அவரிடமிருந்து பறிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால் வாடகை வீடு போய்விடும், உடன்பணியாற்றுவோர் தேநீர்க் கோப்பையைத் தனியே ஒதுக்கிவைப்பர் என்ற அச்சத்தால் காக்கப்படும் மௌனம் உரிமையாகாது, அது தண்டனையே. ஒரு செவிலியர் தம் நிலையைச் சொன்ன மறுநாளும் அவருடன் ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்து உண்ணும் மனிதர்கள் அவரைச் சுற்றி இருக்க வேண்டும். அவ்வாறு இருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.