ஃப்ளாப்பிக்குள் சில விரல்கள்

தானே வாசிக்கும் பியானோவைப் பார்த்திருக்கிறீர்களா? ஆளே இல்லாமல் கட்டைகள் மட்டும் இறங்கி ஏறும். முதல்முறை பார்ப்பவர்களுக்குப் பேய்ப்பட எஃபெக்ட்தான்!

இந்த வகையில் பிரபலமானது யமஹாவின் டிஸ்க்ளேவியர். அமெரிக்காவில் 1987ல் விற்பனைக்கு வந்தது. நிஜத் தந்தி, நிஜச் சுத்தி உள்ள பியானோதான். கட்டைகளை உள்ளிருந்து இயக்க மின்காந்தங்கள் இருக்கும். யாராவது வாசித்தால் சென்சார்கள் கவனித்து ஃப்ளாப்பியில் எழுதிக்கொள்ளும். சத்தத்தை அல்ல. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக, பெடல் எப்போது... அவ்வளவுதான். அதனால் 720 கேபி ஃப்ளாப்பியிலேயே நிறைய அடங்கிவிடும்.

அமெரிக்காவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 1990 வாக்கில் பியானோவை வாங்கிய பாட்டி, சாயங்காலங்களில் வாசித்து ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறார். இன்று பாட்டி இல்லை. ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள் மட்டும். பட்டனை அமுக்கினால் அவர் அமுக்கிய அதே கட்டைகள் இறங்கும். அவர் தடுமாறிய இடத்தில் பியானோவும் தடுமாறும். போட்டோவிலோ வீடியோவிலோ இது கிடைக்குமா?

ஆனால் ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு நாளாக ஆகக் கெடும். சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. காமர்ஸ்காரர்கள் பாஷையில் சொன்னால், பியானோவும் அதன் டிரைவும் ஒரே சொத்தாகத்தான் கணக்கில் ஏறுகின்றன. தேய்மானம் மட்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை :-)

சரி, ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு காப்பி எடுத்தால் போதாதா? பழைய மாடல்கள் எழுதுவது இ-செக் என்ற யமஹாவின் சொந்த வடிவம். சாதாரண மிடி மென்பொருளுக்கு அது நேரடியாகப் புரியாது. டிரைவ் இன்னும் வேலை செய்கிறது என்றால் எளிய வழி கேபிள்தான்.

பியானோவின் கன்ட்ரோல் பெட்டியில் ஐந்து ஓட்டை கொண்ட வட்டமான மிடி சாக்கெட்டுகள் இருக்கும். மிடி 1983ல் வந்தது. இன்றைய யூ.எஸ்.பி. மிடி கேபிளும் அதே பாஷைதான் பேசுகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் மாறாத பாஷை, கம்ப்யூட்டர் உலகத்தில் பெரிய விஷயமய்யா! பியானோவின் அவுட், கம்ப்யூட்டரின் இன்னுக்குப் போக வேண்டும். சில கேபிள்களில் அச்சிட்டிருப்பதே குழப்பும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃப்ளாப்பியில் ஓடுவதும் அவுட்டில் வரும்படி பியானோவின் செட்டிங்கில் மாற்ற வேண்டியிருக்கலாம். அது மாடலுக்கு மாடல் வேறு.

கேபிள் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, நெட்டில் கிடைக்கும் பாட்டுகளை பியானோவுக்கு அனுப்பி வேடிக்கை பார்ப்பது. அது அப்புறம். முதலில் பாட்டியை வெளியே எடுங்கள். ஒவ்வொரு ஃப்ளாப்பியாக ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் செய்து, இரண்டு மூன்று இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பும்போது பியானோ அரை நொடி சும்மா இருக்கும். ரிப்பேர் இல்லை. மெல்ல அமுக்கும் கட்டையின் சுத்தி தந்தியைத் தொட நேரமாகும், ஓங்கி அடிப்பது சட்டென்று தொட்டுவிடும். இரண்டும் அதனதன் நேரத்தில் ஒலிக்க வேண்டுமே என்று பியானோ எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. அந்த அரை நொடி போனதும் பாட்டியின் முதல் கட்டை இறங்கும்.